ஜாஸ் ஆல்பம் எதிலிருந்து ஆரம்பிப்பது? கொடைக்கானலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏழு ரோடு பக்கம் எங்கள் காபிக் கடையில் சாயங்காலம் ஆனால் ஜாஸ் ஓடும். டாக்சி ஓட்டுகிறவர்கள், காட்டேஜ் நடத்துகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கீழே மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வருகிறவர்கள் என்று யார் கேட்டாலும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருக்கின்றன. அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, சொன்ன பதில்களைச் சேர்த்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதை மொத்தமாகக் கேட்டு முடிக்க வேண்டிய பட்டியலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு ஆல்பத்தைப் பிடியுங்கள், அது மனதில் உட்காரும் வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள், அப்புறம் அடுத்ததற்குப் போங்கள்.

ஜாஸ்னா சாக்ஸபோன் வாசிக்கிறதுதானே அண்ணா? 'டூயட்' படத்துல வருமே, அந்த மாதிரி?

'டூயட்' (1994) படத்தில் சாக்ஸபோன் வாசித்தவர் கத்ரி கோபால்நாத். அவர் அதே கருவியில் கர்நாடக இசைக் கச்சேரி செய்தவர். கருவியை வைத்து ஜாஸ் என்று சொல்லிவிட முடியாது. பியானோ, பேஸ் (அடிக்குரலில் ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியம்), டிரம்ஸ் என்று மூன்றே பேர் வாசிக்கும் ஜாஸ் ஆல்பங்கள் எத்தனையோ இருக்கின்றன, அதில் சாக்ஸபோன் மருந்துக்குக்கூட இருக்காது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் ஊரில் கறுப்பின மக்கள் உருவாக்கிய இசை இது. ப்ளூஸ், தேவாலயப் பாட்டு, தெருவில் போகும் பேண்டு வாத்தியம் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. கேட்பதற்கு ஒன்று தெரிந்தால் போதும்: முதலில் எல்லாரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசிப்பார்கள், அப்புறம் அந்த மெட்டுக்கு அடியில் வரும் கார்ட்ஸ் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) அதே வரிசையில் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்க, அதன் மேல் ஒவ்வொருவராக அந்த நிமிடத்தில் தோன்றுவதை வாசிப்பார்கள், கடைசியில் மெட்டுக்குத் திரும்புவார்கள். எல்லா ஜாஸும் இப்படி இல்லை, ஆனால் ஆரம்பத்தில் நீங்கள் கேட்கப்போவதில் பெரும்பகுதி இப்படித்தான்.

சார், ஒரே ஒரு ஆல்பம் சொல்லுங்க. பத்து சொன்னா ஒண்ணுகூட கேக்க மாட்டேன்.

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', 1959. எல்லாரும் சொல்கிறார்களே என்று நானும் சொல்லவில்லை. இதில் யாருக்கும் அவசரம் கிடையாது, இப்போது யார் வாசிக்கிறார் என்று புதிதாகக் கேட்பவரும் பின்தொடர முடிகிறது, அதனால் சொல்கிறேன். நியூயார்க்கில் அந்த வருஷம் மார்ச்சிலும் ஏப்ரலிலுமாக இரண்டே நாளில் பதிவானது. ஐந்து உருப்படி (டிராக்), முக்கால் மணி நேரம். மைல்ஸ் டிரம்பெட், ஜான் கோல்ட்ரேன் டெனர் சாக்ஸ் (கனத்த குரல் சாக்ஸபோன்), கேனன்பால் ஆடர்லி ஆல்டோ சாக்ஸ் (அதைவிடச் சிறியது, குரல் மேலே), பில் எவன்ஸ் பியானோ (ஒரு உருப்படியில் மட்டும் விண்டன் கெல்லி), பால் சேம்பர்ஸ் பேஸ், ஜிம்மி காப் டிரம்ஸ். இந்தப் பெயர்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

கடைசியில் வரும் 'ஃப்ளெமெங்கோ ஸ்கெட்சஸ்' உருப்படியைத் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். அதில் எழுதிவைத்த மெட்டே கிடையாது. ஐந்து ஸ்கேல்கள் (ஆரோகணம் மாதிரி ஸ்வர வரிசைகள்) வரிசையாக வரும், வாசிப்பவர் ஒவ்வொன்றிலும் தனக்குப் போதும் என்று தோன்றும் வரை இருந்துவிட்டு அடுத்ததற்கு நகர்வார். மைல்ஸ் டிரம்பெட்டின் வாயை அடைத்து, சன்னமாக, மைக்கை ஒட்டி வாசிக்கிறார், ஸ்வரத்தோடு மூச்சும் காதில் விழுகிறது. நாலாவது ஸ்கேலுக்கு வந்ததும் ஸ்பானிய வாசனை அடிக்கும். வகுளாபரணம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த இடம் சட்டென்று பிடிபடும், ஏற்கெனவே தெரிந்த யாரோ கூப்பிட்ட மாதிரி. அதே இடத்துக்கு கோல்ட்ரேன் வரும்போது எவ்வளவு நேரம் நிற்கிறார், கேனன்பால் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று ஒப்பிட்டுக் கேட்டீர்கள் என்றால் ஜாஸில் எதைக் கேட்க வேண்டும் என்பது பாதி புரிந்துவிடும்.

நீங்க சொன்னதைக் கேட்டேன், தூக்கம் வந்துடுச்சு. எனக்கு இது சரிப்படாதா?

சரிப்படும். உங்களுக்கு வேகம் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஆர்ட் பிளேக்கியும் அவருடைய ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழுவும் 1958இல் பதிவு செய்த 'மோனின்' ஆல்பத்தைப் போடுங்கள். முதல் உருப்படியில் பியானோ ஒரு வரி கேட்கும், மற்றவர்கள் 'ஆமென்' சொல்கிற மாதிரி இரண்டு அடியில் பதில் சொல்வார்கள். தேவாலயத்தில் வளர்ந்தவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். டிரம்பெட் வாசிக்கும் லீ மோர்கனுக்கு அப்போது 20 வயதுதான்.

அதுவும் போதவில்லை என்றால் சார்லஸ் மிங்கஸின் 'மிங்கஸ் ஆ அம்', 1959. கைதட்டல், கூச்சல், ஆட்டம் எல்லாம் உண்டு. நடுவில் 'குட்பை போர்க் பை ஹேட்' என்று ஒரு மெதுவான உருப்படி வரும். அதே வருஷம் இறந்துபோன சாக்ஸ் மேதை லெஸ்டர் யங்குக்காக மிங்கஸ் எழுதிய அஞ்சலி. கூத்துக்கு நடுவே அந்தத் துக்கம் வந்து நிற்பதால்தான் இந்த ஆல்பம் எனக்கு இவ்வளவு நெருக்கம்.

பாட்டே இல்லாம எப்படிக் கேக்குறது? பாடுறவங்க யாரும் கிடையாதா?

நிறையப் பேர் இருக்கிறார்கள். 'எல்லா அண்ட் லூயி' (1956) எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் குரல் தெளிந்த தண்ணீர், லூயி ஆம்ஸ்ட்ராங்கின் குரல் கரகரப்பு, இரண்டும் ஒன்றை ஒன்று சீண்டிக்கொண்டே போகும். பின்னால் ஆஸ்கர் பீட்டர்சனின் குழு அடக்கி வாசிக்கிறது. ஆண் குரல் வேண்டும் என்றால் 'ஜான் கோல்ட்ரேன் அண்ட் ஜானி ஹார்ட்மன்' (1963). அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, ஆறே பாட்டு, ஒன்றுகூட ஒதுக்க முடியாது.

இன்றைக்குப் பாடுகிறவர்களில் சமாரா ஜாய். 2022இல் 'லிங்கர் அவைல்' ஆல்பம் வந்தது, அடுத்த வருஷம் சிறந்த புதுமுகத்துக்கான கிராமி விருதை வாங்கினார். பழைய பாட்டுகளைத்தான் பாடுகிறார், ஆனால் ஒவ்வொரு வரியையும் அர்த்தம் தெரிந்து பாடுகிறார். பில்லி ஹாலிடேயை அவசரப்பட்டுப் போடாதீர்கள். 'லேடி இன் சாட்டின்' (1958) குரல் உடைந்துபோன காலத்துப் பதிவு, மற்றவர்களைக் கேட்டுப் பழகிய பிறகு கேட்டால்தான் அந்த உடைசலில் அவர் என்ன செய்கிறார் என்று தெரியும்.

எங்க வீட்ல கர்நாடக சங்கீதம்தான். அந்தக் காதோட இதைக் கேக்க முடியுமா மாமா?

தாராளமாக. சொல்லப்போனால் உங்களுக்கு வேலை பாதி குறைவு. கல்பனா ஸ்வரம் பாடிவிட்டுப் பல்லவிக்கு வந்து சேரும் இடத்துக்காகக் காத்திருந்து பழகியவர்களுக்கு, ஒருவர் தனியாக வாசிக்கும் சோலோ முடிந்து மெட்டுக்குத் திரும்பும் இடம் தானாகப் புலப்படும். சாக்ஸும் டிரம்ஸும் நாலு நாலு பாராக (தாளச் சுற்றாக) மாற்றி மாற்றி வாசிப்பதைக் கேட்டால் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கஞ்சிராவும் பேசிக்கொள்வது ஞாபகம் வரும். டேவ் புரூபெக்கின் 'டைம் அவுட்' (1959) ஆல்பத்தில் 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கையில் போகிறது, மூன்றும் இரண்டுமாக. அமெரிக்காவில் அன்றைக்கு அது புதுமை. கண்ட சாபு போட்டுப் பழகிய கைக்கு அப்படி இருக்காது.

வித்தியாசம் கார்ட்ஸில் இருக்கிறது. ராகத்தை விரித்துக்கொண்டே போவது நம் வழி. ஜாஸில் அடியில் கார்ட் மாறும்போதெல்லாம் மேலே வாசிக்கும் ஸ்வரத்தின் நிறமும் மாறிவிடும். இதைக் கேட்டுப் பழக ஒரு வழி: மேலே வாசிப்பவரை விட்டுவிட்டு பேஸை மட்டும் ஒரு தடவை முழுசாகக் கேளுங்கள். தரை எப்படி நகர்கிறது என்று தெரிந்துவிடும்.

நம்ம ஊர்க்காரங்க யாராவது ஜாஸ்ல இருக்காங்களா?

இதற்குப் பதில் சொல்ல எனக்கு ரொம்பப் பிடிக்கும். விஜய் ஐயர் தமிழ்ப் பெற்றோருக்கு நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர், இன்றைக்கு உலகத்தின் முக்கியமான ஜாஸ் பியானோ கலைஞர்களில் ஒருவர். 'ஹிஸ்டாரிசிட்டி' (2009), அப்புறம் லிண்டா மே ஹான் ஓ, டைஷான் சோரி இருவரோடும் செய்த 'அனீசி' (2021), 'கம்பாஷன்' (2024). இந்த மூவரில் யார் யாரைத் தூக்கி நிறுத்துகிறார் என்று பிரித்துச் சொல்லவே முடியாது. கிட்டார் பிரசன்னாவோடும் தபலா நிதின் மிட்டாவோடும் அவர் செய்த 'தீர்த்தா' (2011) நம் காதுக்கு எளிதான வாசல். ஆல்டோ சாக்ஸ் வாசிக்கும் ருத்ரேஷ் மகந்தப்பா கத்ரி கோபால்நாத்தோடு சேர்ந்த 'கின்ஸ்மென்' (2008) ஆல்பத்தில் இரண்டு ஆல்டோ சாக்ஸும் கன்யாகுமரி அம்மாவின் வயலினும் மோதிக்கொள்ளும். சக்தி குழுவைச் சொல்லாமல் விட முடியாது: கிட்டார் ஜான் மெக்லாக்லின், வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயகராம். முதல் ஆல்பம் 1976இல் வந்தது. குழு பல வருஷம் கழித்துச் செய்த 'திஸ் மொமென்ட்' (2023) கிராமி வாங்கியது. எனக்கு முதலாவதுதான் உசத்தி, அந்த ஆவேசம் பின்னால் கிடைக்கவில்லை.

இன்னொரு உறவும் உண்டு. கோல்ட்ரேனின் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் 1971இல் 'ஜர்னி இன் சச்சிதானந்தா' என்று ஒரு ஆல்பம் வெளியிட்டார். அந்த சச்சிதானந்தர் கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தா. கணவரை இழந்த துக்கத்தில் இருந்தவர் அவரைக் குருவாக ஏற்றுக்கொண்டார். தம்பூரா சுருதி எழும்பும், பேஸ் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கும், அதன் மேல் ஆலிஸின் ஹார்ப் அருவியாக விழும், ஃபாரோ சாண்டர்ஸின் சோப்ரானோ சாக்ஸ் உள்ளே வரும். தமிழர்கள் எல்லார் வீட்டிலும் இந்த ஆல்பம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் வளர்ந்த பாடகி கானவ்யா 2024இல் வெளியிட்ட 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்' ஆலிஸ் போட்ட அதே பாதையில்தான் நடக்கிறது. அதையும் இதோடு சேர்த்துக் கேளுங்கள்.

எல்லாம் எங்க தாத்தா காலத்து ஆல்பமா இருக்கே. இப்ப புதுசா யாரும் வாசிக்கலையா?

மேலே 2024 வரைக்கும் வந்துவிட்டேனே! இன்னும் சொல்கிறேன். லண்டனில் கரீபிய, ஆப்பிரிக்க வேர் கொண்ட பிள்ளைகள் சேர்ந்து பெரிய அலையே கிளப்பியிருக்கிறார்கள். நூபியா கார்சியாவின் 'சோர்ஸ்' (2020) ஜமைக்காவின் ரெக்கே தாளத்தில் டெனர் சாக்ஸ். எஸ்ரா கலெக்டிவின் 'வேர் ஐம் மெண்ட் டு பி' (2022) பிரிட்டனின் மெர்குரி இசைப் பரிசு வாங்கியது. ஜாஸ் குழு ஒன்று அந்தப் பரிசை வாங்கியது அதுதான் முதல் தடவை. காரில் பெருமாள்மலை தாண்டி வளைவுகளில் இறங்கும்போது போட ஏற்றது.

மெதுவாக வேண்டும் என்றால் சார்லஸ் லாயிடின் 'தி ஸ்கை வில் ஸ்டில் பி தேர் டுமாரோ' (2024). அது அவருடைய 86ஆவது பிறந்தநாளன்று வெளியானது. அந்த வயதில் மூச்சு குறைந்திருக்கிறது, அந்தக் குறைந்த மூச்சை வைத்தே ஒவ்வொரு வாக்கியத்தையும் முடிக்கிறார். இளைஞர்களில் ஆல்டோ சாக்ஸ் இம்மானுவேல் வில்கின்ஸ்: 'ஒமேகா' (2020)வில் தொடங்கி 'ப்ளூஸ் பிளட்' (2024) வரைக்கும் போங்கள், பின்னதில் கானவ்யாவும் பாடுகிறார். கமாசி வாஷிங்டனின் 'தி எபிக்' (2015) பலரை ஜாஸ் பக்கம் இழுத்து வந்தது, நன்றிதான். ஆனால் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடுகிறது. அதில் பாதி இருந்தாலே போதும் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்து என்ன கேக்குறதுன்னு ஒவ்வொரு தடவையும் உங்களையே கேக்க முடியுமா? நானே கண்டுபிடிக்க வழி இல்லையா?

ஆளைப் பின்தொடருங்கள். அதற்குத்தான் அந்த ஆறேழு பெயர்களைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். பில் எவன்ஸ் பிடித்திருந்தால் அவருடைய மூவர் குழு 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் வாசித்த 'வால்ட்ஸ் ஃபார் டெபி'. கிளாஸ் உரசும் சத்தம், யாரோ சிரிப்பது, பேசுவது எல்லாம் பதிவில் கேட்கும், மூன்று பேரும் எதையும் காதில் வாங்காமல் வாசித்துக்கொண்டிருப்பார்கள். பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோவுக்கு வயது 25. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, கார் விபத்தில் போய்விட்டார். கேனன்பால் பிடித்திருந்தால் 'சம்திங் எல்ஸ்' (1958), அதில் மைல்ஸும் உண்டு. கோல்ட்ரேன் பிடித்திருந்தால் 'ப்ளூ டிரெய்ன்', 'பாலட்ஸ்', அப்புறம் 'எ லவ் சுப்ரீம்'. அதில் பியானோ மெக்காய் டைனர், அவருடைய 'தி ரியல் மெக்காய்' (1967). இப்படி ஒரு ஆல்பத்தின் அட்டையிலிருந்தே அடுத்தது கிடைத்துக்கொண்டே போகும்.

எங்க காட்டேஜ்ல கெஸ்ட் சாப்பிடும்போது மெல்லிசா போட எது நல்லாருக்கும்?

கென்னி பரலின் 'மிட்நைட் ப்ளூ' (1963). பியானோ கிடையாது, கிட்டாரும் டெனர் சாக்ஸும் முன்னால், பேஸும் டிரம்ஸும் காங்கா மேளமும் பின்னால், இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கென்றே செய்தது மாதிரி இருக்கும். 'கெட்ஸ் / ஜில்பெர்டோ' (1964) பிரேசிலின் போசா நோவா, காலை வெயிலுக்கு நல்லது. அகமது ஜமாலின் 'பட் நாட் ஃபார் மீ' (1958) கேட்காதவரைத் தொந்தரவு செய்யாது, கேட்பவருக்குத் தீனி போடும். 'எ லவ் சுப்ரீம்' மட்டும் தயவுசெய்து சாப்பாட்டு மேசைக்குப் போடாதீர்கள். 1964 டிசம்பரில் ஒரே நாளில் கோல்ட்ரேன் கடவுளுக்கு வைத்த பிரார்த்தனை அது. கடைசிப் பகுதியில் தான் எழுதிய கவிதையை அசை அசையாக சாக்ஸில் சொல்கிறார். கரண்டிச் சத்தத்துக்கு நடுவே அதை வைக்க எனக்கு மனசு வராது. அப்புறம், வியாபார இடத்தில் பாட்டுப் போட உரிமம் வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலையில நெட்டும் சரியா வராது, மழைன்னா கரண்டும் போயிடும். எல்பி வாங்கிடலாமா?

முதலில் செலவில்லாத வழி: நெட் வரும் இடத்தில் ஆல்பத்தை முழுசாக போனில் டவுன்லோடு செய்து வைத்துக்கொண்டு, ஓரளவு நல்ல ஹெட்போனில் கேளுங்கள். போனின் ஸ்பீக்கரில் பேஸ் சுத்தமாகக் காணாமல் போய்விடும். பேஸ் இல்லாமல் ஜாஸ் கேட்பது மிருதங்கத்தின் தொப்பியை விட்டுவிட்டு வலந்தலையை மட்டும் கேட்பது போலத்தான்.

எல்பி இசைத்தட்டு அழகுதான், ஆனால் இந்த ஊர் ஈரம் அதற்கு எதிரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் அட்டையின் முதுகில் முதலில் சாம்பல் நிறப் புள்ளி விழும், துடைத்தால் போகும். அதை விட்டால் தட்டின் பள்ளங்களுக்குள் பூசணம் இறங்கி ஒவ்வொரு சுற்றுக்கும் சடசடக்கும். வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், படுக்கப்போடாமல் நிற்க வையுங்கள், உள்ளே காகித உறைக்குப் பதில் பிளாஸ்டிக் உறை போடுங்கள், அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மாற்றிக்கொண்டே இருங்கள். இவ்வளவு பார்க்க முடியும் என்றால் வாங்குங்கள். முடியாது என்றால் சிடி உங்களுக்கு நல்லது.

ஒரே ஆல்பம் ரீமாஸ்டர், போனஸ் டிராக், டீலக்ஸ்னு பத்து விதமா இருக்கு. எதைக் கேக்குறது?

முதலில் வந்த வரிசையில், முதலில் வந்த உருப்படிகளை மட்டும். 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஐந்தோடு நிற்க வேண்டும், 'வால்ட்ஸ் ஃபார் டெபி' ஆறோடு. ஆல்பம் மனப்பாடமான பிறகு மாற்றுப் பதிவுகளைக் கேட்டால் அதே ஆள் அதே நாளில் வேறு என்ன யோசித்தார் என்று தெரியும், அப்போது அது பொக்கிஷம்.

ரீமாஸ்டர், அதாவது பழைய டேப்பை எடுத்து ஒலியைச் சீர்செய்வது, சில நேரம் உண்மையிலேயே முக்கியம். 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் முதல் மூன்று உருப்படிகள் பதிவான டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் சரியான வேகத்தில் போட்டபோது சுருதி லேசாக ஏறியே கேட்டது, அதை 1990களில்தான் சரிசெய்தார்கள். சேர்ந்து வாசித்துப் பழகுகிறவர்கள் பழைய தட்டோடு சுருதி சேரவில்லை என்று திணறியதற்குக் காரணம் அதுதான்.

ஃப்ரீ ஜாஸ்னு ஒண்ணு கேட்டேன், ஆளாளுக்கு ஒரு பக்கம் கத்துறாங்க. அதையும் இசைன்னு ஒத்துக்கணுமா?

ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் எந்த வாசல் வழியாகப் போனீர்கள் என்று பாருங்கள். கோல்ட்ரேனின் 'அசென்ஷன்' (1965இல் பதிவானது) முதலில் கேட்டால் யாருக்கும் மூச்சு முட்டும். ஆர்னெட் கோல்மனின் 'தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்' (1959) வழியாகப் போங்கள். முதல் உருப்படி 'லோன்லி வுமன்'. டிரம்ஸ் படபடவென்று ஓடும், அதன் மேல் சாக்ஸும் டிரம்பெட்டும் ஒப்பாரி மாதிரி ஒரு மெட்டை மெதுவாக இழுக்கும். பியானோ இல்லை, கார்ட்ஸ் சொல்லித்தர ஆளில்லை. மேலே சொன்ன அந்தத் தரையை, அதாவது கார்ட்ஸை, எடுத்துவிட்டால் என்ன மிச்சம் என்றுதான் கோல்மன் கேட்கிறார், மிச்சம் இருப்பது அழுகை. நம் ஊர் சாவு வீட்டில் கேட்ட குரலைத் தெரிந்தவர்களுக்கு அது சத்தமாகப் படாது.

அங்கிருந்து ஃபாரோ சாண்டர்ஸுக்கு வாருங்கள். 'அசென்ஷன்' ஆல்பத்தில் அலறியவர்களில் அவரும் ஒருவர். 2021இல், 80 வயதில், எலக்ட்ரானிக் இசைக் கலைஞர் ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸோடும் லண்டன் சிம்பனி இசைக்குழுவோடும் செய்த 'பிராமிசஸ்' ஆல்பத்தில் ஏழு ஸ்வரம் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்க, அதன் மேல் ஒவ்வொரு ஸ்வரமாக யோசித்து யோசித்து வைக்கிறார். அதைக் கேட்டுவிட்டு மறுபடியும் பழைய அலறலுக்குப் போனால், இரண்டும் ஒரே ஆள்தான் என்பது காதுக்குத் தெரியும்.

பையனுக்கு 12 வயசு, சாக்ஸபோன் கத்துக்கணும்னு நிக்கிறான். எதைக் கேக்க வைக்கட்டும் அண்ணே?

சோனி ராலின்ஸின் 'சாக்ஸபோன் கொலோசஸ்' (1956இல் பதிவானது). முதல் உருப்படி 'செயின்ட் தாமஸ்' கரீபிய மெட்டு, குழந்தைகள் இரண்டாவது தடவையிலேயே முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவார்கள். ராலின்ஸ் சோலோவை இரண்டே ஸ்வரத்தில் ஆரம்பித்து அதைத் திருப்பித் திருப்பிப் போட்டே வளர்ப்பார், அந்த வயதுக்குப் புரியும்படி. வாசிப்பதற்கு முன்னால் சோலோவின் முதல் சில வரிகளை வாயால் பாடச் சொல்லுங்கள், நாயனக்காரர்கள் வீட்டில் பிள்ளைகள் கற்றுக்கொள்வதும் அப்படித்தான். பையன் உடம்புக்கு ஆல்டோ சாக்ஸ்தான் தோதாக இருக்கும், அதனால் மேலே சொன்ன கேனன்பாலையும் சேர்த்துப் போடுங்கள்.

அக்கம்பக்கத்தில் சத்தம் என்று சொன்னார்கள் என்றால் வருத்தப்பட வேண்டாம். ராலின்ஸே பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று 1959இலிருந்து 1961 வரை நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் போய் நின்று சாதகம் செய்தவர். திரும்பி வந்து 1962இல் வெளியிட்ட ஆல்பத்தின் பெயரே 'தி பிரிட்ஜ்'. இங்கே பாலத்துக்குப் பதில் பகலில் வட்டக்கானல் பக்கம் கூட்டிக்கொண்டு போங்கள், காட்டுமாடு நடமாடும் நேரத்துக்கு முன்னால் திரும்பிவிடுங்கள்.